ராத்திரி வந்த அந்த ஒரு வரி மெசேஜை முதல்ல பாருங்க டாக்டர்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மெடிக்கல் காலேஜ்ல ஃபிசியாலஜி அசிஸ்டென்ட் புரொஃபசரா இருக்கற ஒரு வாசகி எழுதியிருக்காங்க. பெரிய கடிதம். அடையாளம் தெரியற விவரத்தை எல்லாம் எடுத்துட்டு சுருக்கி சொல்றேன்.

எம்டி முடிச்சு வேலைக்குச் சேர்ந்து அவங்களுக்கு ரொம்ப நாள் ஆகலை. இந்த வருஷம் ஃபர்ஸ்ட் இயர்ல அஞ்சு பேரை மென்ட்டீன்னு, அதாவது கூட இருந்து வழிகாட்ட வேண்டிய பசங்கன்னு, ஒப்படைச்சிருக்காங்க, கூடவே ஒரு ரிஜிஸ்டர், அதுல மாசத்துக்கு ஒருதடவை கையெழுத்து வாங்கணும், அதுக்கு மேல என்ன செய்யணும்னு யாரும் சொல்லலை. நாலு பேர் பிரச்சனை இல்லாதவங்க. அஞ்சாவது பையன் மலையடிவாரத்துல ஒரு கிராமம், அப்பா பெங்களூர்ல கட்டட வேலை, அம்மா ஊர்ல ராகிக் காட்டையும் மாட்டையும் பாத்துக்கறாங்க. அரசுப் பள்ளியில தமிழ் மீடியம் படிச்சு 7.5 சதவீத ஒதுக்கீட்டுல சீட் வாங்கினவன். காலேஜுக்குள்ளயே வைக்கற ஃபர்ஸ்ட் இன்டர்னல் பரிட்சையில மூணு பாடத்துலயும் ஃபெயில். அட்டெண்டன்ஸ் 60-க்கு கீழ போயிடுச்சு. வைவால, அதாவது வாய்மொழித் தேர்வுல, வாயே திறக்க மாட்டேங்கறான். ஒருநாள் டிபார்ட்மென்ட்டுக்கு கூப்பிட்டு விசாரிச்சப்ப, ஹாஸ்டல்ல சீனியர்ங்க அவங்களோட ரெக்கார்ட் நோட்டை (பிராக்டிக்கல் எழுதற நோட்டு) எல்லாம் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்கார வெச்சு எழுத வைக்கறாங்கன்னு அழுதிருக்கான். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மேம்"னு கெஞ்சினதால இவங்களும் சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்துட்டாங்க. மெஸ் பில்லையும் கைக்காசு போட்டு கட்டியிருக்காங்க.

இப்ப அவங்க கேக்கறது: குடுத்த வாக்கை காப்பாத்தணுமா, அவங்கம்மாகிட்ட பேசலாமா, புகார் குடுத்தா என் வேலைக்கு ஆபத்து வருமா, இவனால பாஸ் பண்ண முடியுமா, இல்ல இந்தப் படிப்பே இவனுக்கு ஒத்துவராதா. கடைசியா இன்னொரு மென்ட்டீ ரிசர்ச் பேப்பர் போடணும்னு நச்சரிக்கறானாம், அதுக்கும் வழி கேட்டிருக்காங்க.

வணக்கம் டாக்டர். நான் மனநல மருத்துவர், மெடிக்கல் காலேஜ்ல பசங்களுக்கு பாடம் எடுத்திருக்கேன், மென்ட்டராவும் இருந்திருக்கேன். நீங்க அக்கறையில எழுதியிருக்கீங்கன்னு ஒவ்வொரு வரியிலயும் தெரியுது. ஆனா உங்க கேள்வி லிஸ்ட்ல இல்லாத ஒண்ணு கடிதத்தோட நடுவுல கிடக்கு. ரெண்டு வாரம் முன்னாடி ராத்திரி அவன் உங்களுக்கு வாட்ஸ்அப் பண்ணியிருக்கான், "நான் இல்லைன்னா எல்லாருக்கும் நிம்மதி மேம்". நீங்க "அப்படிலாம் பேசக்கூடாது, நல்லா படி, எல்லாம் சரியாயிடும்"னு போட்டிருக்கீங்க, அவன் ஒரு கட்டை விரலை அனுப்பிட்டான், மறுநாள் கிளாஸுக்கும் வந்துட்டான், "நார்மலா தான் இருந்தான்"னு எழுதிட்டு அடுத்த பாராவுல அட்டெண்டன்ஸுக்கு போயிட்டீங்க. நான் அங்கேயே நிக்கறேன். மத்த எல்லாத்தையும் ஒரு வாரம் தள்ளி வைக்கலாம், இதை தள்ளி வைக்க முடியாது.

இன்னைக்கே நேர்ல கேளுங்க

சாவைப் பத்தி நாமளா கேட்டா இல்லாத யோசனையை கிளப்பி விட்ட மாதிரி ஆயிடும்னு நம்மள்ல நிறைய பேருக்கு, டாக்டருங்களுக்கே, ஒரு பயம் இருக்கு. அப்படி ஆகாதுங்க. ஏற்கெனவே மனசுக்குள்ள அதை வெச்சுக்கிட்டு இருக்கறவனுக்கு ஒருத்தர் வாய் திறந்து கேட்டாலே பாதி மூச்சு வரும். ஃபோன்ல வேணாம், மெசேஜ்ல வேணவே வேணாம். உங்க ரூம்ல உக்கார வெச்சு, அவன் முகத்தைப் பாத்து, சுத்தி வளைக்காம கேளுங்க: "அன்னைக்கு ராத்திரி அப்படி அனுப்பினியே, செத்துடலாம்னு தோணுச்சா? இப்பவும் தோணுதா? எப்படின்னு யோசிச்சு வெச்சிருக்கியா?" கேட்டுட்டு நீங்க பேசாம இருங்க. அவன் பேச ரெண்டு நிமிஷம் எடுத்துக்கிட்டாலும் அந்த ரெண்டு நிமிஷத்தை உங்க ஆறுதலால நிரப்பிடாதீங்க.

ஆமான்னு சொன்னா, எப்படின்னு யோசிச்சும் வெச்சிருக்கான்னா, அந்த நிமிஷத்துல இருந்து அவனைத் தனியா விடக்கூடாது. "சைக்யாட்ரி ஓபிக்கு போய்ட்டு வா"ன்னு சீட்டு எழுதிக் குடுக்காதீங்க, நீங்களே கூட நடந்து போங்க. வார்டனுக்கு சொல்லணும், வீட்டுக்கும் சொல்லணும், அன்னைக்கு ராத்திரி அவன் நம்பற ஒரு ஃப்ரெண்டு ரூம்ல கூடப் படுக்கணும். இல்லைன்னு சொன்னாலும் அந்த வாரத்துக்குள்ள ஒரு சைக்யாட்ரிஸ்ட் அவனைப் பாக்கட்டும். தூக்கம், சாப்பாடு, எடை, காலையில எழுந்திருக்கறப்ப மனசு எப்படி இருக்கு, இதெல்லாம் கேட்டுப் பாத்தா தான் இது வெறும் சோர்வா இல்ல மன அழுத்த நோயாங்கறது தெரியும். வைவால வாய் திறக்காததும் கிளாஸுக்கு வராததும் அந்த நோயோட அறிகுறியாவே இருக்கலாம், நாம அதை சோம்பேறித்தனம்னு படிச்சிடறோம்.

சொந்த காலேஜ் ஓபியில பேர் பதிஞ்சா நாளைக்கே ஹாஸ்டல் பூரா தெரிஞ்சிடும்னு அவன் பயப்படுவான், அந்தப் பயத்துல நியாயம் இருக்கு. அந்த டிபார்ட்மென்ட்ல உங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட முன்னாடியே பேசி ஓபி கூட்டம் முடிஞ்ச நேரத்துல கூட்டிட்டு போலாம். அவசரம் இல்லாத நிலைமைன்னா, சேலத்துல வெளி டாக்டர்கிட்ட போறேன்னு அவன் சொன்னா அதுவும் சரிதான். 14416, அரசாங்கத்தோட டெலி மானஸ் மனநல உதவி நம்பர், 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது, காசு கிடையாது, ராத்திரியிலயும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். 104-லயும் பேசலாம். இந்த ரெண்டு நம்பரும் அவன் ஃபோன்ல மட்டும் இருந்தா பத்தாது, ரூம்மேட் ஃபோன்லயும் இருக்கணும்.

அப்புறம் நீங்க ராத்திரியெல்லாம் ஃபோனைப் பாத்துக்கிட்டே தூங்காம கிடக்கீங்கன்னு எழுதியிருக்கீங்க. அது உங்களாலயும் முடியாது, அவனுக்கும் அது பாதுகாப்பு கிடையாது. ஒரு உயிர் உங்க ஒருத்தரோட சார்ஜரை நம்பி இருக்கக் கூடாதுங்க. அவனைச் சுத்தி நாலஞ்சு பேர் இருக்கற மாதிரி ஏற்பாடு பண்றது தான் மென்ட்டரோட வேலை, அந்த நாலஞ்சு பேரா நீங்களே இருக்கணும்னு அவசியமில்ல.

குடுத்த வாக்கு என்ன ஆகும்

ரகசியம் காக்கறது பெரிய விஷயம், அவன் உங்ககிட்ட வந்து அழுததே அந்த நம்பிக்கையில தான். ஆனா "யார்கிட்டயும் எதையும் சொல்ல மாட்டேன்"ங்கற வாக்கை ஒரு டாக்டரோ டீச்சரோ முழுசா குடுக்க முடியாது. 2017 மனநலச் சட்டம் நோயாளியோட ரகசியத்தை உரிமைன்னே சொல்லுது, அதே சட்டம் உயிருக்கு ஆபத்துன்னா அதைத் தடுக்கறதுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் சொல்லலாம்னு விலக்கும் குடுக்குது. அது சிகிச்சை குடுக்கறவங்களுக்கு எழுதினது தான், ஆனா மென்ட்டருக்கும் நல்ல அளவுகோல். எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும். வார்டனுக்கு அவன் பாதுகாப்பு தெரியணும், அவன் வீட்டுக் கதை தெரிய வேண்டாம்.

அவன் முதுகுக்குப் பின்னாடி போய் சொல்லிடாதீங்க. அவன்கிட்டயே முதல்ல சொல்லுங்க: "நான் சொல்ல மாட்டேன்னு சொன்னேன்டா, ஆனா உன் உயிர் சம்பந்தப்பட்டது, உன்னை அடிமை மாதிரி எழுத வைக்கற விஷயம், இதை நான் எனக்குள்ளயே வெச்சுக்க முடியாது. யார்கிட்ட சொல்லணும், எப்படி சொல்லணும்னு நாம ரெண்டு பேரும் சேந்து முடிவு பண்ணலாம்." ரெண்டு நாள் கோவப்படுவான், உங்ககிட்ட பேசாம கூட இருப்பான். பரவால்ல.

மென்ட்டர் ரிஜிஸ்டரைப் பத்தி ஒரு வார்த்தை. அது இன்ஸ்பெக்‌ஷனுக்கு போற நோட்டு, நாலு பேர் கை படும். தேதி, பாத்தது, படிப்பு சம்பந்தமா பேசினது, அடுத்து எப்ப பாக்கறோம், இதோட நிறுத்துங்க. அழுதான், செத்துடறேன்னான்னு அதுல எழுதாதீங்க. அதை தேதி போட்டு தனியா எழுதி பூட்டி வைங்க.

ரெக்கார்ட் எழுத வைக்கறது ராகிங் தான்

"அடிக்கல, கெட்ட வார்த்தை இல்ல, ரெக்கார்ட் தானே எழுதச் சொல்றாங்க, அதெல்லாம் எல்லா ஹாஸ்டல்லயும் நடக்கறது தானே"ன்னு எழுதியிருக்கீங்க. இல்லைங்க டாக்டர். ஒருத்தருக்கோ ஒரு குரூப்புக்கோ குடுத்த படிப்பு வேலையை ஜூனியரை வெச்சு முடிக்கறதை ராகிங்னே யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2009 விதி பட்டியல் போட்டு சொல்லுது. மெடிக்கல் காலேஜ்களுக்குன்னு என்எம்சி (தேசிய மருத்துவ ஆணையம்) 2021-ல தனியா ராகிங் தடுப்பு விதியே கொண்டு வந்திருக்கு. நம்ம மாநிலத்துல அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடியே சட்டம் வந்தாச்சு. 1996-ல சிதம்பரத்துல நாவரசுங்கற ஃபர்ஸ்ட் இயர் மெடிக்கல் மாணவர் கொல்லப்பட்டாரு, அதுக்கு அடுத்த வருஷம், 1997-ல தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்துச்சு. ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், பத்தாயிரம் ரூபாய் வரைக்கும் அபராதம். புகார் வந்தும் நிர்வாகம் கண்டுக்காம விட்டா அவங்களும் அந்தக் குத்தத்துக்கு உடந்தைன்னு அந்தச் சட்டத்துலயே இருக்கு.

உங்க வேலை பத்தின பயத்துக்கு பதில் இதுல தான் இருக்கு. வாய்ல சொன்னா "மேடம் சும்மா பெருசாக்கறாங்க"ன்னு போயிடும். எழுத்துல, டீனுக்கு, ஆன்ட்டி ராகிங் கமிட்டிக்கு காப்பி போட்டு, தேதி போட்டு குடுங்க, வாங்கினதுக்கு கையெழுத்தோ சீலோ வாங்கி வைங்க. அப்படிக் குடுத்துட்டா சட்டம் உங்க பக்கம் நிக்கும், தெரிஞ்சும் குடுக்காம இருந்து நாளைக்கு ஏதாவது ஆயிட்டா தான் உங்களுக்கு பதில் சொல்ல வழியில்லாம போகும். ஹெச்ஓடிய, அதாவது துறைத் தலைவரை, முதல்ல பாத்து சொல்லிட்டு போங்க, மரியாதைக்கும் நல்லது, துணைக்கும் ஒரு ஆள். உள்ளூர்ல எதுவும் நகரலைன்னா தேசிய உதவி எண் 1800-180-5522, 24 மணி நேரமும் இருக்கு.

பையன் ரொம்ப பயந்தா ஒரு நடுவழி இருக்கு. அவன் பேரைப் போடாம, "ஃபர்ஸ்ட் இயர் பசங்களை வெச்சு சீனியர் ரெக்கார்ட் எழுதறதா தெரியுது, ராத்திரி ஹாஸ்டல்ல திடீர் சோதனை வேணும்"னு குடுக்கலாம். ரெக்கார்டை திருத்தற டிபார்ட்மென்ட்டுக்கு கையெழுத்தைப் பாத்தாலே தெரிஞ்சிடும், பத்து நோட்டுல ஒரே கை எழுத்து இருந்தா அதை விட என்ன சாட்சி வேணும். இதுல ரிஸ்க் இருக்கு, சீனியருங்க இவன் தான் போட்டுக் குடுத்தான்னு ஊகிப்பாங்க. அதனால சோதனை நடக்கறதுக்கு முன்னாடியே அவனுக்கு வேற பிளாக்ல ரூம் மாத்திடணும், ஃபர்ஸ்ட் இயருக்கு தனி ஹாஸ்டல் இருந்தா அங்க. உயிர் பயம் இருக்குன்னு தெரிஞ்சா நடுவழியெல்லாம் விட்டுட்டு நேரடியாவே போங்க.

படிப்புக்கு வருவோம்

"இந்தப் படிப்பு இவனுக்கு ஒத்துவராதோ"ங்கற கேள்வி எனக்கு வருத்தமா இருக்கு. நீங்க கெட்ட எண்ணத்துல கேக்கலைன்னு தெரியும், ஸ்டாஃப் ரூம்ல காதுல விழறது தான் நம்ம வாயில வரும். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அடுத்தவன் ரெக்கார்டை எழுதிட்டு காலையில எட்டு மணிக்கு அனாட்டமி கிளாஸ்ல உக்கார்ற எந்தப் பையனும் ஃபெயில் ஆவான், இன்டர்நேஷனல் ஸ்கூல்ல படிச்சவனா இருந்தாலும். இன்னும் அவனோட படிப்பையே நீங்க பாக்கலை, அவனோட தூக்கமில்லாமையைத் தான் பாத்திருக்கீங்க.

விதிகளை அவனுக்கு தெளிவா சொல்லுங்க, ஹாஸ்டல் வதந்தி பரிட்சையை விட பயமுறுத்தும். யுனிவர்சிட்டி எக்ஸாம் எழுத தியரியில 75 சதவீதம், பிராக்டிக்கல்ல 80 சதவீதம் அட்டெண்டன்ஸ் வேணும், அதனால இன்னும் எத்தனை கிளாஸ் மீதி இருக்கு, எட்ட முடியுமான்னு இந்த வாரமே பேப்பர் பென்சில் எடுத்து கணக்கு போடுங்க. இன்டர்னல் மார்க்கும் முக்கியம், ஆனா இன்னும் இன்டர்னல் இருக்கு. ஃபெயில் ஆனா சப்ளி, அதாவது மறுதேர்வு, சப்ளியும் போச்சுன்னா ஜூனியர் பேட்ச் கூட சேந்து படிக்கணும். ஃபர்ஸ்ட் இயருக்கு நாலு அட்டெம்ப்ட் தான்ங்கறது உண்மை. ஆனா ஒருதடவை போனாலே சீட்டு போச்சுன்னு அவன் நினைச்சிக்கிட்டிருந்தா அது பொய், அதை நீங்க வாயால சொல்லி அவன் காதால கேக்கணும். இப்ப இருக்கற நிலைமைல எழுதறதா, உடம்பும் மனசும் தேறி ஒரு பேட்ச் பின்னாடி எழுதறதாங்கறது கூட டாக்டர் பாத்ததுக்கு அப்புறம் யோசிக்க வேண்டிய நியாயமான ஆப்ஷன் தான், அவமானம் இல்ல.

வைவா விஷயம். அவனுக்கு பதில் தெரியலையா, இங்கிலீஷ்ல சொல்லத் தெரியலையான்னு முதல்ல பிரிச்சுப் பாருங்க. உங்க சப்ஜெக்ட்லயே வாங்க. இதயத் தசை ஏன் கை கால் தசை மாதிரி டெட்டனஸ்ல (நோய் இல்ல, தசை விடாம சுருங்கியே நிக்கற நிலை) போய் இறுகிக்காதுன்னு இங்கிலீஷ்ல கேட்டா சுவத்தைப் பாப்பான். "தமிழ்ல சொல்லுடா"ன்னு விட்டுப் பாருங்க. "ஒருவாட்டி துடிச்சா அது முழுசா சுருங்கி முடியற வரைக்கும் அடுத்த தட்டுக்கு அசையாது மேம்"னு சொல்லிட்டான்னா ஆப்சல்யூட் ரிஃப்ராக்டரி பீரியட் அவனுக்கு தெரிஞ்சிருக்கு, பேர் தான் தெரியலை. அப்ப அந்தப் பேரை எழுதிக் காட்டுங்க, வென்ட்ரிக்கிள் தசையில அது 250 மில்லி செகண்ட் பக்கம், கை கால் தசையில ஓரிரு மில்லி செகண்ட் தான்ங்கற வித்தியாசத்தை சேத்துக்க சொல்லுங்க, அப்புறம் அதே பதிலை மூணு சின்ன இங்கிலீஷ் வாக்கியத்துல, இலக்கணம் பாக்காம சொல்லச் சொல்லுங்க. வாரத்துக்கு ரெண்டு நாள், கால் மணி நேரம், மூணே கேள்வி போதும். உங்க நாலு மென்ட்டீல நிதானமான ஒருத்தனை கூட உக்கார வெச்சு கேள்வி கேக்க விடுங்க, டீச்சருக்கு முன்னாடி வராத வாய் கிளாஸ்மேட்டுக்கு முன்னாடி வந்துடும்.

கடிதத்துல இன்னொரு வரி எனக்கு ரொம்ப பிடிச்சுது. ஃபேமிலி அடாப்ஷன் புரோகிராமுக்கு, அதாவது மாணவர்கள் கிராமத்துக் குடும்பங்களோட உடல்நலத்தைப் பாத்துக்கற திட்டத்துக்கு, கிராமத்துக்கு போனப்ப மத்த பசங்க ஃபார்மை கையில வெச்சுக்கிட்டு திண்ணையில திணறினாங்க, இவன் ஒரு பாட்டிகிட்ட தெலுங்குல பேசி உள்ள போய் தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு வந்தான்னு எழுதியிருக்கீங்க. அந்த வீட்டுப் பிள்ளைங்க பல்லுல காவிக் கறை இருக்கறதைப் பாத்துட்டு எந்த போர் தண்ணி குடிக்கறாங்கன்னு அவனா கேட்டிருக்கான். டாக்டர், நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் ஃப்ளோரைடு எத்தனை தலைமுறையோட பல்லையும் எலும்பையும் பதம் பாத்திருக்கு, அதுக்காகத் தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்துச்சு. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் தான் எல்லைன்னு புத்தகத்துல படிச்சு ஒப்பிக்கறவங்க நிறைய இருக்காங்க, பல்லைப் பாத்துட்டு போர் தண்ணியை விசாரிக்கறவன் ஃபர்ஸ்ட் இயர்ல எத்தனை பேர்? தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசற நம்ம ஊர் ஓபியில இவன் ஒரு நல்ல டாக்டரா உக்காருவான்னு எனக்கு தோணுது. இதை அவன்கிட்ட சொல்லியிருக்கீங்களா? சொல்லுங்க. பாராட்டுன்னு பொதுவா வேணாம், "அந்தப் பாட்டி வீட்டுல நீ கேட்டது சரியான கேள்வி"ன்னு அந்த இடத்தையே குறிப்பிட்டு சொல்லுங்க.

அம்மா, காசு, மத்த பசங்க

அவன் மேஜர், மார்க் விவரத்தை அவன்கிட்ட கேக்காம வீட்டுக்கு சொல்ல வேண்டாம். உயிர் ஆபத்துன்னா அந்தக் கணக்கு மாறும்னு மேலயே சொல்லிட்டேன். மத்தபடி அவனைப் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டே அவங்கம்மாவுக்கு ஃபோன் போடுங்க. "உங்க பையன் ஃபெயில்"னு ஆரம்பிக்காதீங்க, படிச்சிராத அந்தம்மாவுக்கு அது இடி விழுந்த மாதிரி இருக்கும். "உடம்பு கொஞ்சம் முடியலை, மனசு சோந்து போயிருக்கான், நாங்க பாத்துக்கறோம், ரெண்டு நாள் வந்து கூட இருங்க"ன்னா புரிஞ்சுக்குவாங்க. அப்பாகிட்ட யார் சொல்றதுன்னு அவனையும் அம்மாவையும் முடிவு பண்ண விடுங்க.

மெஸ் பில்லை நீங்க கட்டினது நல்ல மனசு தான், இனிமே கட்டாதீங்க. கடன்பட்டவன் மனசைத் திறந்து பேச மாட்டான், மூணாவது மனுஷங்க வேற மாதிரி பேசவும் இடம் குடுக்கும். 7.5 சதவீதத்துல வந்தவங்களோட கல்விக் கட்டணத்தையும் ஹாஸ்டல் கட்டணத்தையும் அரசாங்கமே ஏத்துக்குது, அதுல மெஸ் எவ்வளவு அடங்குது, ஏன் இவன் கையில இருந்து வாங்கறாங்கன்னு காலேஜ் ஆபீஸ்ல போய் நேரா கேளுங்க, பாதி நேரம் ஏதாவது ஒரு சர்டிஃபிகேட் குடுக்காம விட்டது தான் காரணமா இருக்கும். அவனைப் பாக்கறது டிபார்ட்மென்ட்ல, கதவு திறந்திருக்க, வேலை நேரத்துல இருக்கட்டும்.

பேப்பர் போடணும்னு கேக்கற பையனுக்கு, காசு வாங்கிட்டு எதையும் அச்சடிக்கற ஜர்னல் பக்கம் போகாதேன்னு சொல்லுங்க. ஐசிஎம்ஆர்-ல (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) எம்பிபிஎஸ் பசங்களுக்குன்னே ரெண்டு மாச எஸ்டிஎஸ் ஆராய்ச்சித் திட்டம் 1979-ல இருந்து நடக்குது, ஒரு கைடு வேணும், அது நீங்களே ஆகலாம். அடுத்த வருஷத்துக்கு குறி வைக்கச் சொல்லுங்க. இந்த வருஷம் ஃபர்ஸ்ட் இயர் பாஸ் ஆகட்டும்.

ஆனா அவன் ஏன் இவ்வளவு அவசரப்படறான்னும் ஒருநாள் உக்கார வெச்சு கேளுங்க. யார் கூடவோ போட்டியா, வீட்டுல பிஜி பிஜின்னு இப்பவே நெருக்கறாங்களா. நாலு பேர் பிரச்சனை இல்லாதவங்கன்னு எழுதியிருக்கீங்க, எப்படித் தெரியும்? மார்க் வந்துடுச்சு, அட்டெண்டன்ஸ் இருக்கு, அவ்வளவு தானே. ஒரு சீனியர் ரூம்ல ஒருத்தனை மட்டும் உக்கார வெச்சு எழுத வைக்க மாட்டாங்க. அந்த நாலு பேர்ல பசங்களையும் பொண்ணுங்களையும் தனித்தனியா கூப்பிட்டு, ராத்திரி எத்தனை மணிக்கு தூங்கறீங்க, யார் ரெக்கார்டை எழுதறீங்கன்னு இந்த வாரமே கேட்டுடுங்க.